கேமரா, கேட் போதுமா? கல்லூரியில் தொல்லையும் பாகுபாடும்: தொடக்க நிலை விளக்கம்

கல்லூரியில் சேரும் நாளில் கொடுக்க வேண்டிய தாள்கள் ஒரு கட்டு இருக்கும். டிசி, சாதிச் சான்றிதழ் நகல், ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சான்றிதழ், ஹாஸ்டல் விதிமுறை, பஸ் பாஸ் விண்ணப்பம். நடுவில் எங்கேயோ ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் இருக்கும். மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று என்று ஒவ்வொரு வருடமும் தர வேண்டியது. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, கவுன்டரில் இருப்பவர் "சைன் பண்ணுங்க சார், எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்கிறார், போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், யூஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளை "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று நாமே அந்தத் தாளில் சொல்லிவிடுகிறோம். அந்த விதிகளை உண்மையிலேயே எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ராகிங் என்றதும் சீனியர் பாட்டுப் பாடச் சொல்வது, சட்டையைத் திருப்பிப் போடச் சொல்வது என்றுதான் நினைக்கிறோம். 2016-ல் வந்த திருத்தம் அதைவிட வெகுதூரம் போகிறது. நிறம், மதம், சாதி, பாலினம், பாலீர்ப்பு, தோற்றம், பேசும் மொழி, பிறந்த ஊர், வீட்டு வசதி, இவற்றில் எதை வைத்து ஒருவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்தினாலும் அது ராகிங். "தமிழ் மீடியமா? அதான் இங்கிலீஷ் இப்படி வருது" என்று முதலாண்டுப் பையனை மேடையேற்றிச் சிரிப்பதும் இதற்குள் வரும்.

கல்லூரிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கும் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் கவலைப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எது தொல்லை, எது பாகுபாடு, யாரிடம் போவது, போனால் என்ன நடக்கும் என்ற அடிப்படை மட்டும். ஆனால் வழியில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நிற்கப் போகிறேன்: பிள்ளைகளைக் கட்டிப்போடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துவிட்டால் தொல்லை நின்றுவிடும் என்ற நம்பிக்கை தவறு.

இரண்டும் எங்கே சேர்கின்றன

ஒருவர் விரும்பாத நடத்தையை அவர்மீது திணிப்பது தொல்லை. அது பேச்சாக இருக்கலாம், பார்வையாக, மெசேஜாக, தொடுதலாக இருக்கலாம். ஒருவர் யார் என்பதை வைத்து, அதாவது சாதி, மதம், பால், உடல் குறைபாடு, ஊர், மொழி இவற்றை வைத்து, அவருக்குக் கிடைக்க வேண்டியதைக் குறைப்பதும் அவரைத் தனியே ஒதுக்கி நிறுத்துவதும் பாகுபாடு. சொல்லும்போது இப்படிப் பிரித்துச் சொல்லலாம். நடக்கும்போது இரண்டும் கலந்தே நடக்கும்.

ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்துகொள்வோம். லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க ஒரு மாணவி போகிறார். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு ஆசிரியரிடமிருந்து வாட்ஸ்அப்: "டிபி மாத்திட்டியா, நல்லா இருக்கு." பதில் போடவில்லை. மறுநாள் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லை. அடுத்த வாரம் ரெக்கார்டு திரும்பத் திரும்ப "சரியில்லை, மறுபடி எழுது" என்று வருகிறது. செமஸ்டர் முடிவில் இன்டர்னல் மார்க் குறைகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு பாராட்டு, ஒரு ரெக்கார்டு, நாலைந்து மார்க். சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதை நடத்திக்கொண்டு போவது ஆசிரியரின் கையில் இருக்கும் பேனா. இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், ரெக்கார்டு, ப்ராஜெக்ட், பிஎச்டி என்றால் கைடின் கையெழுத்து. சீனியர் ஜூனியர், வார்டன் ஹாஸ்டல் மாணவி, சூப்பர்வைசர் துப்புரவுப் பணியாளர் என்று எங்கே ஒருவர் கையில் இன்னொருவரின் அடுத்த வருடம் இருக்கிறதோ அங்கே தொல்லைக்கு இடம் இருக்கிறது. ஆகவே "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே, நல்ல மனுஷர்" என்ற சாட்சி பெரிதாக உதவாது. தனக்கு மேலே இருப்பவர்களிடம் அவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார்.

பாலியல் தொல்லை என்று சட்டம் எதைச் சொல்கிறது? 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பேச்சு வழக்கில் போஷ் சட்டம், ஐந்து வகை சொல்கிறது. விரும்பாத தொடுதலும் அத்துமீறலும், பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இவற்றைத் தவிர விரும்பத்தகாத வேறு எந்தப் பாலியல் நடத்தையும். "இணங்கினால் மார்க் வரும்" என்ற ஆசை காட்டுதலும், "இல்லையென்றால் பார்த்துக்கொள்" என்ற மிரட்டலும், வகுப்பில் உட்காரவே கூசும்படியான சூழலை உண்டாக்குவதும் இதற்குள் அடங்கும். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது இங்கே எடுபடாது. கேட்டவர் விரும்பினாரா என்பதிலிருந்துதான் கேள்வி தொடங்குகிறது.

சாவுக்குப் பிறகு வந்த சட்டங்கள்

இது பற்றிச் சுருக்கமாக. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவரை சீனியர் மாணவர் கொலை செய்தார். இறந்தவரின் தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதற்கடுத்துத்தான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது, 1997-ல். இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 1998-ல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், சாலையில் இளைஞர்கள் சீண்டியதில் கீழே விழுந்து அடிபட்டு இறந்தார். அந்த வருடமே பெண்கள் மீதான சீண்டலுக்கு எதிரான மாநிலச் சட்டம் வந்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பெண் பணியாளர் ஒருவர் 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாக 1997-ல் உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க நெறிமுறை வகுத்த விசாகா தீர்ப்பைத் தந்தது. அது முன்னே சொன்ன 2013 சட்டமாக மாறப் பதினாறு ஆண்டு ஆனது. அந்தச் சட்டத்தைக் கல்லூரிகளுக்கு ஏற்றபடி விரித்து யூஜிசி 2015-ல் தனி விதிகள் போட்டது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ குழு 2016-ல் தன் பங்குக்கு ஒன்று போட்டது.

யூஜிசியின் 2015 விதிகளை யாராவது ஒருமுறை முழுதாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கல்லூரிகள் நடத்தப்படும் விதத்துக்கும் அதற்கும் இருக்கும் தூரம் அப்போதுதான் தெரியும்.

சத்தமில்லாத பாகுபாடு

பாலியல் தொல்லையையாவது தொல்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறோம். பாகுபாடு அப்படியில்லை. அது நிர்வாக நடைமுறை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

வகுப்புக்குள் அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு வருகிறார். ஆசிரியர் வாங்கிப் படித்துவிட்டு, "எஸ்சி எஸ்டி ஸ்காலர்ஷிப் வாங்கறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடியும் என்றுதான். ஆனால் ஒரு நிமிடத்தில் அறுபது பேருக்கு முன்னால் பத்துப் பேரின் சாதி அறிவிக்கப்பட்டுவிட்டது. யூஜிசி 2012-ல் வெளியிட்ட சமத்துவ விதிகள் இதையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டன: வகுப்பில் மாணவரின் சாதியை, மதத்தை, பிரதேசத்தை அறிவிப்பது பாகுபாடு. இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவது, சரியாகப் படிக்காததற்குச் சாதியைக் காரணம் சொல்வது, தனி இருக்கை ஒதுக்குவது, உதவித்தொகையைத் தாமதப்படுத்துவது எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன.

தென் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு பற்றி நிறையப் பேசிவிட்டோம். 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னது. சென்னைக் கல்லூரிகளில் கயிறு அவ்வளவாகக் கண்ணில் படாது. இங்கே சாதி கேட்பதற்கு நாகரிகமான வழி இருக்கிறது: "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று தெரிந்தால், இருநூற்றுக்கு எத்தனை என்ற ஒரு எண்ணிலிருந்து கம்யூனிட்டியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கும் பிடிபடவில்லை என்றால் "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

இதில் ஒரு அபத்தமும் உண்டு. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. வகுப்பில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ஒதுக்கீட்டில் வந்தவர்கள்தான். ஆனால் "கோட்டாவுல வந்தவன்" என்ற ஏச்சு மட்டும் அந்தக் கடைசிப் பத்தொன்பதுக்கே போய்ச் சேரும். இப்போது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு அவர்களையும் ஒரு தினுசாகப் பார்ப்பது சேர்ந்துகொண்டிருக்கிறது.

நாமே செய்கிற பாகுபாடும் இருக்கிறது. மணிப்பூரிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ சென்னைக்குப் படிக்க வரும் பிள்ளையை "சைனீஸ்" என்று கூப்பிடுவது, ஹிந்தி பேசுகிறவரை எல்லாம் "வடக்கன்" என்பது, நண்பனுக்குக் "கருப்பா" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டு "அவனே ஒண்ணும் சொல்றதில்லையே" என்பது. அவன் ஒன்றும் சொல்லாததற்கு நாலு வருடம் அதே கும்பலோடு சாப்பிட்டாக வேண்டும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு வரும் பாகுபாட்டைச் செய்வது பெரும்பாலும் கட்டடம். வகுப்பு இரண்டாவது மாடியில், லிஃப்ட் ஸ்டாஃபுக்கு மட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தராமல் இருப்பதும் பாகுபாடுதான். ஒரு மாணவருக்காக வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுவது சலுகை ஆகாது. தேர்வில் எழுத்தர் வைத்துக்கொள்வதும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் பெறுவதும் அப்படித்தான்.

திருநர் மாணவர்களுக்கு முதல் தடை விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்கி, கழிவறை, ஹாஸ்டல் என்று நீளும். திருநங்கையர் நல வாரியத்தை 2008-லேயே அமைத்த மாநிலம் நாம். கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் சொல்கிறது. ஆனாலும் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பழைய பெயரை ஆசிரியர் தினமும் சத்தமாகக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை எத்தனை நாள் வகுப்புக்கு வரும்?

கேமரா, கர்ஃப்யூ, தனித்தனி மாடிப்படி

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி வெளியாள் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தச் சமயத்தில் எல்லோரும் கேட், கேமரா, ஐடி கார்டு, விளக்கு என்றுதான் பேசினோம். விளக்கு வேண்டும், காவலர் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 2023 மார்ச் கடைசியில் திருவான்மியூர் கலாஷேத்ராவில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது வெளியாளுக்கு எதிராக அல்ல. கற்றுத் தருகிறவர்கள்மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு. மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் புகார்க் குழுவை மாற்றியமைக்கச் சொல்லி மாணவிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே கேட்டில் எத்தனை கேமரா இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. ஐடி கார்டு போட்டுக்கொண்டு, வணக்கம் வாங்கிக்கொண்டு உள்ளே வருபவரைக் கேட் எப்படித் தடுக்கும்?

நம் ஊர்த் தனியார் கல்லூரிகள் சிலவற்றின் பாணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்லூரி பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மாடிப்படி தனி, கேன்டீன் வரிசை தனி. ஒரு பையனும் பெண்ணும் நின்று பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஃபோன். பெண்கள் ஹாஸ்டல் ஆறரைக்குப் பூட்டு, ஆண்கள் ஹாஸ்டல் ஒன்பதரைக்கு. பெற்றோர் பலர் இதைப் பார்த்துத்தான் "ஸ்ட்ரிக்டான காலேஜ்" என்று நிம்மதியாகச் சேர்க்கிறார்கள்.

அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணுக்கு சீனியர் ஒருவன் ஆபாச மெசேஜ் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் புகார் கொடுப்பாளா? கொடுத்தால் முதல் கேள்வி "உன் நம்பர் அவனுக்கு எப்படிப் போச்சு?" இரண்டாவது "நீ ஏன் அவனோட பேசின?" மூன்றாவது வீட்டுக்கு ஃபோன். நாலாவது, வீட்டில் "படிச்சது போதும், வா." அவன் அனுப்பியதற்குத் தண்டனை அவளுக்கு. ஆகவே அவள் வாயைத் திறக்க மாட்டாள். இது அவனுக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் அனுப்புகிறான். பேசுவதையே குற்றமாக்கிய கல்லூரி, மிரட்டுகிறவன் கையில் ஒரு ஆயுதத்தையும் கொடுத்துவிட்டது: "நாம பேசினதை வார்டன்கிட்ட சொல்லிடுவேன்."

இதைச் சொன்னால் என்னைப் புரட்சிக்காரன் என்பார்கள். யூஜிசியின் 2015 விதிகளே சொல்கின்றன: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் பெண்கள் ஹாஸ்டலில் திணிக்கக் கூடாது, பாதுகாப்பு ஏற்பாடு என்பது அவர்களுடைய நடமாட்டத்தை ஒடுக்குவதாகவோ சதா கண்காணிப்பதாகவோ ஆகிவிடக் கூடாது. அரசாணை மாதிரி எழுத்தில் இருக்கிறது. ஆறரை மணிப் பூட்டு தொல்லையைத் தடுக்கும் ஏற்பாடாக இருப்பது ஒருபுறம் இருக்கட்டும், அதுவே பாகுபாடு.

ஐசிசி என்கிற குழு

சரி, எதுதான் தடுக்கும்? புகார் கொடுத்தால் நடவடிக்கை வரும், கொடுத்தவருக்குக் கெடுதல் வராது என்று வளாகம் முழுக்கத் தெரிந்திருப்பதுதான் பெரிய தடுப்பு. அதற்கான அமைப்பு உள்ளகப் புகார்க் குழு. கல்லூரிகளில் ஐசிசி என்றால் தெரியும்.

அதன் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர்களில் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர்களில் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் போன்ற துறையில் அனுபவமுள்ள ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகள் மூவர், அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் வெளிப்படை: துறைத்தலைவர்மீது வரும் புகாரை அவருடைய சகாவே விசாரித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியின் குழுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாணவர் பிரதிநிதிகள் இருக்கிறார்களா, அவர்களை யார் எப்போது தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டாலே பல இடங்களில் சங்கடமான மௌனம்தான் பதில்.

புகார் எழுத்தில் தர வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தொடர்ந்து நடந்தது என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். நியாயமான காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுவது குழு உறுப்பினரின் கடமை. புகார் வந்த ஏழு நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போகும், அவர் பத்து நாளில் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கையின் பேரில் நிர்வாகம் 30 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் இரு தரப்பும் மேல்முறையீடு செய்யலாம்.

விசாரணை நடக்கும்போதே கேட்டு வாங்கக்கூடிய நிவாரணங்கள் பலருக்கும் தெரிவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் பேப்பரைத் திருத்தக் கூடாது, இன்டர்னல் போடக் கூடாது என்று தடுக்கச் சொல்லலாம். யாராவது ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம். விடுப்புக் கேட்கலாம். முன்னே சொன்ன அந்த ரெக்கார்டு நோட்டு மாணவிக்குத் தேவைப்படுவது இதுதான். தண்டனை வரும்போது வரட்டும், இந்த செமஸ்டர் தப்ப வேண்டும்.

"பொய்ப் புகார் கொடுத்தா நம்ம மேலயே நடவடிக்கை எடுப்பாங்களாமே" என்ற பயம் பரவலாக இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால்தான் அது. போதிய ஆதாரம் காட்ட முடியவில்லை என்பதாலேயே புகார் பொய் ஆகிவிடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

அப்புறம், நம் ஊருக்கே உரிய "சமாதானம்" என்ற நடைமுறை. பிரின்சிபால் அறையில் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, "பொண்ணோட எதிர்காலம்னு ஒண்ணு இருக்கு இல்ல" என்று முடித்துவிடுவது. சமரசம் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். கல்லூரி தானாகத் திணிக்க முடியாது. பணம் கொடுத்து முடிப்பதும் கூடாது. கடிதம் பீரோவில் கிடக்கும், ஆள் அடுத்த பேட்சுக்குப் பாடம் எடுப்பார்.

ரகசியம் காப்பதும் குழுவின் பொறுப்பு. பெயர் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணா பல்கலைக்கழக வழக்கே சாட்சி. முதல் தகவல் அறிக்கை கசிந்து மாணவியின் விவரம் ஊரெல்லாம் பரவியதற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. காவல் துறைக்கே இந்த நிலை என்றால், ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே பேசிவிடும் குழு உறுப்பினரை என்ன செய்வது?

வளாகம் என்றால் சுவருக்குள் மட்டும் இல்லை. கல்லூரி பஸ், ஐவி என்று போகும் தொழிற்சாலைப் பயணம், இன்டர்ன்ஷிப், என்எஸ்எஸ் முகாம், வேறு கல்லூரியில் நடக்கும் கல்ச்சுரல்ஸ் எல்லாமே இந்த விதிகளுக்குள் வரும். பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்றாலும், ஆண் மாணவர்களுக்கும் திருநர் மாணவர்களுக்கும் எதிராக நடப்பதன் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று யூஜிசி விதிகள் சொல்கின்றன. ஹாஸ்டலில் சீனியர் பையன்களிடம் சிக்கிக்கொண்ட ஜூனியர் பையனும் இதில் அடக்கம். கேன்டீன், துப்புரவு, செக்யூரிட்டி வேலையில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளர் பெண்களும் புகார் தரலாம். இது அவர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

இன்னொன்று. முதலாண்டில் சேரும்போது பலருக்குப் பதினேழு வயதுதான். பதினெட்டு நிறையாதவர்மீது நடக்கும் பாலியல் தொல்லைக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், உள்ளுக்குள் விசாரித்து முடிக்கும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை.

மெசேஜ், மார்ஃபிங் செய்த படம், இன்ஸ்டாவில் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத கன்ஃபெஷன் பேஜ் என்றால் கோபத்தில் டெலீட் செய்துவிடாதீர்கள். தேதியும் அனுப்பியவர் ஐடியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். சைபர் குற்றங்களுக்கு 1930.

பக்கத்தில் இருப்பவர்

தொல்லை பல நேரம் நாலு பேர் பார்க்கத்தான் நடக்கிறது. ஹாஸ்டல் காரிடாரில், கேன்டீனில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். பார்க்கிறவர் ஹீரோ மாதிரி குதிக்க வேண்டியதில்லை. "டேய், மேம் உன்னைக் கூப்பிடறாங்க" என்று சொல்லி அந்த இடத்தைக் கலைத்துவிடலாம். குழுவில் யாரோ ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுக் கமென்ட் அடித்தால் "இதை எடுடா" என்று ஒரே ஒருவர் எழுதினாலே பலரும் அடங்கிவிடுவார்கள். எல்லோரும் சிரிக்கும் ஸ்மைலி போட்டால் அடுத்த படம் வரும்.

தோழி வந்து சொன்னால், முதலில் "நீ ஏன் போன" என்று கேட்காமல் இருங்கள். தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வைக்க உதவுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது, அவருக்காக நீங்கள் எடுக்காதீர்கள். உடலாலோ மனதாலோ புகார் தர இயலாத நிலையில் அவர் இருந்தால் மட்டும், நண்பரோ உறவினரோ சக மாணவரோ அவர் சார்பில் தரலாம்.

பெற்றோருக்கும் இதே கதைதான். பிள்ளை ஃபோனில் ஏதோ சொல்ல வந்து தயங்கினால், "கிளம்பி வந்துடு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடாதீர்கள். படிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள்.

உள்ளே கதவு திறக்கவில்லை என்றால்

ராகிங்குக்குத் தேசிய உதவி எண் 1800-180-5522, இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும். பெண்களுக்கு 181. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது 112. போலீசில் புகார் கொடுத்துவிட்டு ஐசிசியிலும் கொடுக்கலாம், ஒன்று கொடுத்தால் மற்றது கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாதி, மார்க், உதவித்தொகை, சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர்க் குழு இருக்கிறது. 2023-ல் யூஜிசி இதற்குப் புது விதி போட்டது. குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், அதில் தீரவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம், ஆம்புட்ஸ்பெர்சன் என்பார்கள், மேல்முறையீடு போகலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை எல்லோர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம், நேரடியாகப் போலீசுக்குப் போகலாம். 2021 முதல் தமிழ்நாட்டுக்கென்றே ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர்கள் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.

கல்லூரியில் ஐசிசியே இல்லை என்றால் அமைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மெயிலில் கேட்டால் தேதியோடு பதிவு இருக்கும். குழு அமைக்காத நிறுவனத்துக்குச் சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகளை மீறும் கல்லூரிக்கு மானியத் தகுதியை எடுத்துவிடும் அதிகாரம் யூஜிசிக்கு உண்டு. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பவர்களில் பாதிப் பேர் ரிட்டையர் ஆகிவிட்டார்கள் என்றால், அதையும் சேர்த்து எழுதுங்கள். உறுப்பினர் பதவிக் காலம் மூன்று ஆண்டுதான்.